கீழ்வீட்டு ஆல்டோ

டெபோரா என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஜான்சியின் வாயிலிருந்து. ஆனால் டெபோரா ஜான்சியின் மகள் இல்லை. விஷயம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

என் தம்பிக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் தயாளன், அவன் மனைவி சரோஜினி. இளையவன் மனைவிதான் ஜான்சி. சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே திரும்புகிற தெருவில் தம்பி கட்டிய வீட்டில் கீழே தயாளன் குடும்பம், மேலே இளையவன் குடும்பம், பின்பக்கத்து அறையில் நான், எல்லாருக்கும் அத்தை. மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் முழுகாமல் இருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் மூன்று பேருமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஜான்சி சொன்னாள்: "எனக்குப் பொண்ணு பொறந்தா டெபோரான்னு வைக்கப் போறேன் அத்தை. நம்ம சர்ச்சுல அந்தப் பேரு யாருக்கும் இல்ல." சரோஜினி கீரையைக் கொஞ்சம் வேகமாக உருவினாள்.

சரோஜினிக்குத்தான் முதலில் பிரசவமானது. பெண் குழந்தை. ஞானஸ்நானத்தன்று எங்கள் சர்ச் போதகரான ஐயர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு பெயர் என்ன என்று கேட்டார். தயாளன் வாயைத் திறப்பதற்குள் சரோஜினி, "டெபோரா" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நிறைமாதமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜான்சி எழுந்து வெளியே போனாள். பாவம், வாந்தி வருகிறது போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவளுக்கும் பெண்தான் பிறந்தது. யூனிஸ் என்று வைத்தார்கள். டெபோராவைவிடச் சில வாரங்கள் இளையவள். ஆனாலும் "அக்கா" என்று கூப்பிட ஜான்சி மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யூனிஸும் இன்றுவரை கூப்பிட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் இது புதிதும் இல்லை. எங்கள் சித்தப்பா அனகாபுத்தூரில் வீடு கட்டியபோது, என் அப்பா பிரதிஷ்டைக்குப் போய் ஜெபம் முடிகிறவரை நின்றுவிட்டு, பிரியாணி தயாராக இருந்தும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தவர். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். வழியில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டதை, கூடப் போன நான் பார்த்தேன்.

இரண்டு பெண்களும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. யூனிஸ் வெடவெடவென்று உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி. டெபோராவுக்குத் தயாளனின் தாடை, தயாளனின் முறைப்பு. ஒரு ஈஸ்டருக்கு மஞ்சள் சுடிதாரில் யூனிஸ் நன்றாக இருக்கிறாள் என்று யாரோ சொன்னதிலிருந்து டெபோரா மஞ்சள் துணியைத் தொட்டதில்லை. அவளிடமிருந்த மஞ்சள் தாவணி எனக்குத் தலையணை உறையாக வந்தது.

பாட்டு விஷயத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பதிமூன்று வயதானால் எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். குழுவை நடத்துகிறவர் சாமிதாஸ் மாஸ்டர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, பாடச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அவரவருக்கு இடம் சொல்வார். யூனிஸை சோப்ரானோவில் நிறுத்தினார். டெபோராவை ஆல்டோவில் நிறுத்தினார். பாட்டின் மெட்டைப் பாடுவது சோப்ரானோ. அதற்குக் கீழே, மெட்டைத் தொடாமல் அதைத் தாங்கிக்கொண்டே கூடப் போகிற குரல் ஆல்டோ. சேர்ந்து பாடினால் பாட்டுக்கு ஒரு கனம் வரும். ஆல்டோவை மட்டும் தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. முதல் வரிசையில் சோப்ரானோ நிற்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆல்டோ.

சரோஜினி சும்மா விடவில்லை. ஆராதனை முடிந்ததும் மாஸ்டரைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு குரல்ல என்ன குறைச்சல் மாஸ்டர்?"

"குறைச்சலே இல்லம்மா. அவளுக்குக் காது ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் ஆல்டோல போட்டேன்."

"காதுக்கு யாரு கைதட்டுவாங்க?"

மாஸ்டர் கீபோர்டை உறையில் போட்டு மூடினார்.

அன்று முதல் வீடு இரண்டு பட்டது. மாஸ்டர் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக வாட்ஸப் குரூப் வைத்திருந்தார். சோப்ரானோ குரூப்பில் மெட்டைப் பாடி அனுப்புவார், ஆல்டோ குரூப்பில் கீழ்க்குரலைப் பாடி அனுப்புவார். அவரவர் அவரவருடையதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு சனிக்கிழமை வந்து சேர்த்துப் பாட வேண்டும். ஆகவே மாடியிலிருந்து பாட்டு கேட்கும், கீழேயிருந்து முனகல் கேட்கும். தெருவில் போகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே யாரும் பார்க்கவில்லை.

"உன் பார்ட்டைக் கொஞ்சம் பாடேன் டெபி, எனக்குத் தூக்கம் வரல" என்று யூனிஸ் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

"நீ கத்துறதை நிறுத்து, தானா தூக்கம் வரும்."

கிறிஸ்துமஸ் பஜனைக்கு வீடு வீடாகப் போவார்கள். கேக்கும் டீயும் கொடுக்கிற வீட்டு அம்மாக்கள் நேரே யூனிஸிடம் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். "இந்தப் பொண்ணு பாடுறப்ப உடம்பே சிலிர்க்குது" என்பார்கள். பக்கத்தில் நிற்கிற டெபோராவிடம் காலி டம்ளரைக் கொடுப்பார்கள். ஒரு டிசம்பரில் அவள் என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "அத்தை, தெனம் ஜெபம் பண்றேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் அவளுக்குத் தொண்டை கட்டிக்கணும்னு." அந்த வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது டெபோராவுக்குத்தான். மாடியிலிருந்து ஜான்சி மிளகுப்பால் காய்ச்சி யூனிஸ் கையில் கொடுத்தனுப்பினாள். அதை டெபோரா குடிக்கவில்லை. செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள்.

மாஸ்டர் சொந்தமாக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதியிருந்தார். ஆண்களுடைய இரண்டு குரலும் சேர்ந்து நாலு குரல் வரும். நடுவில் யூனிஸுக்கு மட்டும் தனியாக ஒரு இடம். மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, அவள் ஒருத்தி மேலே மேலே ஏறிப் போவாள். பிறகு ஆல்டோ வந்து சேர்ந்துகொள்ளும். அதை ஜான்சி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். மாதக்கணக்கில் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டாள். வீடியோவின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது டெபோராவுடையது.

"ஒங்க அம்மாவுக்கு ஒரு இஞ்ச் தள்ளிப் புடிக்கத் தெரியாதா?" என்று டெபோரா கேட்டாள்.

"முழங்கையும் நல்லாத்தான் பாடுது, விடு" என்றாள் யூனிஸ்.

பன்னிரண்டாவது முடிந்து மார்க் வந்தது. யூனிஸுக்குத் தொண்ணூற்றுக்கு மேல். டெபோராவுக்கு எழுபத்து சொச்சம். தாம்பரம் பக்கத்திலேயே ஒரு கல்லூரி, இரண்டு பேருக்கும் பி.காம். அங்கேதான் வேண்டும். எழுபத்து சொச்சத்துக்கு அங்கே வாசல் கேட்டைக்கூடத் திறக்க மாட்டார்கள் என்று தயாளன் சொல்லிவிட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னான்: "அங்க கெடைச்சா படி. இல்லன்னா நெல்லைக்குப் போ. ஒங்கம்மாவோட அக்கா வீட்ல தங்கிப் படிக்கலாம். கண்ட காலேஜ் பஸ்ல ஏத்தி, காலைல போனவ இருட்டி வர்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்." சரோஜினியின் அக்கா ஐந்து மணிக்கு எழுப்பி, எழுந்ததிலிருந்து பாத்திரம் தேய்க்க விடுவாள். டெபோராவுக்கு அது தெரியும். அதைவிட, யூனிஸ் மாடியிலிருந்து இறங்கித் தினமும் ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போக, தான் நெல்லையில் கிடப்பதா என்பதுதான் அவளை அரித்தது.

ஒரு வழி இருந்தது. விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அந்தக் கல்லூரியில் தனியாகச் சில இடங்கள் வைத்திருந்தார்கள். பி.காமில் பாட்டுக்கென்று ஒரே ஒரு இடம். வந்து பாடிக் காட்ட வேண்டும். டெபோரா பெயர் கொடுத்தாள். மறுநாள் மாடியிலிருந்து சேதி வந்தது: யூனிஸும் பெயர் கொடுத்துவிட்டாளாம்.

சரோஜினி மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஜான்சி! ஒம் பொண்ணுக்குத்தான் மார்க் கொட்டிக் கெடக்கே. அதுல தானா கெடைச்சுரும். இதுக்கு எதுக்கு அவ?"

"ரெண்டு லிஸ்ட்லயும் பேரு வரட்டுமேக்கா. என்ன தப்பு?"

"எம் பொண்ணுக்கு இருக்கறது இந்த ஒரு கதவுதான்."

"கதவு தொறந்திருந்தா யாரு வேணா நொழையலாம்க்கா. பேரைக்கூட அப்பிடித்தான எடுத்துக்கிட்டீங்க."

பதினேழு வருஷம் கழித்து அந்தப் பேச்சு வெளியே வந்தது. சரோஜினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்புறம் இரண்டு பேரும் என்னிடம் மட்டும்தான் பேசினார்கள். உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் மேலும் கீழும் போனது.

டெபோரா ஒரு திட்டம் போட்டாள். யூனிஸ் அங்கே எதைப் பாடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும், மாஸ்டரின் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான். அதே பாட்டை, அதே மேல் குரலை, தான் முதலில் பாடிவிடுவது என்று டெபோரா முடிவு செய்தாள். பெயர் வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாள். "டி முன்னாடி வரும் அத்தை. யூனிஸுக்கு இங்கிலீஷ்ல ஈ, அது பின்னாடிதான். அவ உள்ள போறப்ப அவங்க ஏற்கெனவே கேட்ட பாட்டா இருக்கும்" என்றாள். ஜான்சி ஆசைப்பட்ட பெயர் ஜான்சியின் மகளுக்கே குறுக்கே வந்து நிற்கப் போகிறதென்று எனக்குத் தோன்றியது.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஜான்சி போட்ட அந்த வீடியோவையே போனில் ஓடவிட்டு அதோடு கூடப் பாடிப் பழகினாள். நன்றாகவே பாடினாள். யூனிஸின் இழுப்பு, யூனிஸின் குழைவு, எல்லாம் வந்துவிட்டது. வீடியோ ஓடுகிறவரை வந்தது.

அந்த நாள் வந்தது. அம்மாக்கள் இரண்டு பேரும் சேர்ந்து போக மாட்டார்கள் என்பதால் பெண்களை அழைத்துப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. ஷேர் ஆட்டோவில் எனக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா பெரிம்மா, ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீது? பொண்ணு காட்டவா இட்டுகினு போற?"

"பாட்டுப் பாட" என்றேன்.

"இந்த மூஞ்சியோடயா? சோக்காக் கீது போ."

கல்லூரியில் ஒரு ஹாலுக்கு வெளியே நீளமாகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் பெண்கள், ஒவ்வொருத்தியும் தொண்டையைச் செருமிக்கொண்டும் ஏலக்காய் மென்றுகொண்டும் இருந்தார்கள். ஹால் கதவு பாதி திறந்திருந்தது. நான் கதவை ஒட்டின இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு சார், ஒரு மேடம். மேடம் முன்னால் பியானோ. அந்த மேடம்தான் கல்லூரிப் பாடகர் குழுவை நடத்துகிறவர் என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

டெபோராவைக் கூப்பிட்டார்கள். போனாள். பாட்டின் பெயரைச் சொன்னாள். பெஞ்சிலிருந்த யூனிஸ் திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"அத்தை, அது என் பாட்டு."

"இரு, பாடட்டும்."

"வேணும்னே பண்றா அத்தை. சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட இருக்கறதெல்லாம் அவளுக்கு வேணும்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கும் பொறாமை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்ன செய்தாலும் மூத்தவள் டெபோராதான், பெயரும் அவளிடம்தான் இருக்கிறது, அத்தையும் கீழ்வீட்டுப் பக்கம்தான் என்று அவளுக்குள்ளும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

உள்ளே மேடம் பியானோவில் நாலைந்து கட்டைகளைச் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தி, "ஆரம்பிம்மா" என்றார். சனிக்கிழமைதோறும் மாஸ்டர் கீபோர்டில் அழுத்துகிற அதே சத்தம். டெபோரா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

ஆல்டோ வந்தது.

நாலைந்து வருஷமாக அந்தச் சத்தம் கேட்டதும் தொண்டை போய் நிற்கிற இடத்துக்கே போய் நின்றுவிட்டது. குளியலறையில் பழகியதெல்லாம் எங்கே போயிற்றோ. நிறுத்திவிட்டு மறுபடியும் ஆரம்பித்திருக்கலாம். அவளுக்கு அது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் பயம் விட்டிருக்காது. மெட்டே இல்லாமல், மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல், நாலைந்து சுரங்களுக்குள்ளேயே அவள் போய்க்கொண்டிருந்தாள். சார் ஒருத்தர் பக்கத்து சாரைப் பார்த்தார்.

பிறகு இன்னும் மோசமாயிற்று. யூனிஸ் தனியாகப் பாடுகிற இடம் வந்தது. டெபோரா சட்டென்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, பார்வையை நேரே வைத்து, சர்ச்சில் நிற்கிற மாதிரியே நின்றாள். வலது கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் தாளம் போட்டது. பாட்டு மறந்துவிட்டது என்று சார் நினைத்துவிட்டார். "போதும்மா, தேங்க்ஸ்" என்றார். மேடம் கையைத் தூக்கி அவரைத் தடுத்தார்.

பெஞ்சில் யூனிஸின் உதடு அசைவதைப் பார்த்தேன். தன் இடத்தைச் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவள் உதடு முடிந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், உள்ளே டெபோராவின் குரல் மறுபடி எழுந்தது. அதே நேரத்தில் மேடம் ஒரு கட்டையை அழுத்தினார். குரலும் கட்டையும் ஒன்றாக இருந்தன. எனக்கு ஐந்தாவதுக்கு மேல் படிப்பில்லை, சங்கீதமும் தெரியாது. ஆனாலும் அது எனக்குக் கேட்டது.

பாடி முடித்தாள். யாரும் கைதட்டவில்லை.

"இது என்னம்மா?" என்றார் மேடம்.

"ஆல்டோ மேடம்."

"அது தெரியுது. ட்யூன் எங்க?"

"வெளிய ஒக்காந்திருக்கா மேடம்."

இரண்டு சாரும் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. "கூப்பிடு" என்றார்.

யூனிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் பாட, டெபோரா பக்கத்தில் நின்று கீழ்க்குரலைப் பாடினாள். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்கவில்லை. ஹாலுக்குள் அந்தப் பாட்டு முழுசாக எழுந்தபோது பெஞ்சில் ஏலக்காய் மெல்வதுகூட நின்றது. யூனிஸை மேடம் தனியாகவும் பாடச் சொல்லிக் கேட்டார். நன்றாகத்தான் பாடினாள், எப்போதும் பாடுகிற மாதிரி. கடைசியில் மேடம் பக்கத்து சாரிடம் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது: "மெட்டு பாடறதுக்கு வாசல்ல ஒரு பெஞ்சு முழுக்க ஒக்காந்திருக்கு சார். பக்கத்துல மெட்டு பாட ஆளில்லாம இதை இழுத்துப் பிடிக்கிறவ எங்க கெடைப்பா?"

அந்த ஒரே ஒரு இடம் டெபோராவுக்குக் கிடைத்தது. யூனிஸுக்கு மார்க் லிஸ்டில் கிடைத்தது, முதல் லிஸ்டிலேயே. ஒரே வகுப்பு.

இனி வீட்டில் அமைதி என்று நினைத்தேன். மாடியில் ஜான்சி பால்காரரிடம் சொல்வது கேட்டது: "பாட்டே பாடாம வாயை மூடிக்கிட்டு நின்னு சீட் வாங்குனவளை நீங்க பாத்திருக்கீங்களா? எங்க வீட்டுக் கீழ இருக்கா." சரோஜினி அன்று கேசரி கிளறித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். மாடிக்கு மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினாள், முந்திரியை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு.

டெபோராவுக்கும் சந்தோஷம் நிலைக்கவில்லை. பாட்டுக்குக் கிடைத்த இடம் என்றால் மூன்று வருஷமும் பாட வேண்டும். விடியற்காலையில் பயிற்சி, வகுப்பு முடிந்ததும் பயிற்சி, விழா என்றால் லீவு நாளிலும் பயிற்சி. வராவிட்டால் இடத்துக்கே ஆபத்து என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். யூனிஸுக்கு அப்படி ஒரு கட்டும் இல்லை. வகுப்பு முடிந்ததும் சிநேகிதிகளோடு ஸ்கூட்டியில் போய் கேம்ப் ரோட்டில் பேல்பூரி சாப்பிட்டுவிட்டு வருவாள்.

"சீட்டு எனக்கு, காலேஜு அவளுக்கு" என்று டெபோரா என் அறையில் வந்து படுத்துக்கொண்டு சொல்வாள்.

கல்லூரிக்காரர்கள் அவர்கள் குழுவின் பாட்டை யூடியூபில் போட்டார்கள். நாங்கள் எல்லாரும் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். முன் வரிசையில் ஐந்தாறு பெண்கள் பளிச்சென்று நின்றார்கள். பின் வரிசையில் ஒருத்தியின் பின்னலுக்கும் இன்னொருத்தியின் தோளுக்கும் நடுவில் தயாளனின் தாடை கொஞ்சம் தெரிந்தது.

"முழங்கையிலேர்ந்து தாடைக்கு வந்துட்ட" என்றாள் யூனிஸ்.

டெபோரா போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் யூனிஸ் அப்புறம் அந்த வீடியோவைத் தன் போனில் வைத்து, யாருமில்லாதபோது பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வருஷக் கடைசியில் அவள் சர்ச் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிப்பு இருக்கிறது என்றாள். தன் தனி இடத்தை இன்னொரு பெண் பாடுவதைக் கேட்க, கிறிஸ்துமஸ் ஆராதனையில் மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள், டெபோராவின் ஞானஸ்நானத்தன்று அவளுடைய அம்மா எழுந்து போன அதே பெஞ்சில். அவள் எழுந்து போகவில்லை. டெபோரா பின் வரிசையிலிருந்து அவளைப் பார்த்தபடியே பாடினாள். ஆராதனை முடிந்து வாசலில் ஒரு அம்மா டெபோராவின் கையைப் பிடித்து நிறுத்தினார். டெபோராவின் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, முன்னாடி சோலோ பாடுவாளே ஒரு பொண்ணு, அவ ஏன் இப்பல்லாம் பாடறதில்ல?"

டெபோரா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். என் அப்பா ஞாபகம் வந்தது எனக்கு.

படிப்பு முடிந்தது. யூனிஸுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து, மாடியில் அவள் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். டெபோரா இப்போது மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். தாம்பரத்திலிருந்து ரயிலில் போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் இரண்டாவது வரிசையில், ஆல்டோவில் நிற்கிறாள்.